இருபது தலைகளுக்கு ஓய்வு

கீழேயிருந்துதான் தொடங்குவார். இருபத்திமூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று கணினித் திரைப் பட்டியலில் உள்ள சரிக்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே மேலேறுவார். சொடுக்குக்கு ஒரு வார்த்தை. "நீ படு." "நீயும் படு." "உனக்கு என்ன அவசரம், படு." இருபது குறிகளை எடுத்ததும் கை நிற்கும். உச்சியில் நான்கு மட்டும் மிச்சம். அவற்றைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "நீங்க நாலு பேரும் எந்திரிங்கப்பா, வேலை கிடக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் மஹ்காம் அகா (எங்கள் ஊரில் மூத்தவர்களை அகா என்போம்) தன் முதல் தேநீரைக் குடிப்பார்.

ஓஷ் நகரச் சந்தைக்குப் பின்னால், ரொட்டிக்காரர்கள் தெருவில், கைப்பேசி பழுதுபார்க்கும் நோதிரின் கடைக்கு அடுத்தது அவர் கடை. கல்யாணப் படம் எடுப்பதும் வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் தொழில். மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் பெட்டி தலைநகர் பிஷ்கேக்கில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்டது. போன குளிர்காலத்தில் வாங்கி வந்தார். அதற்குள் பூஜ்யம் முதல் இருபத்திமூன்று வரை எண்ணிட்ட இருபத்திநான்கு கோர்கள். தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய இருபத்திநான்கு மூளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகா அவற்றைத் தலை என்பார், ஆட்டை எண்ணுகிற மாதிரி.

இருபத்திநான்கு தலையும் ஒன்றாக வேலை செய்தால் பெட்டி ரொட்டி அடுப்பாகிவிடும். கோடை வேறு. ஜூன் மாதத்தில் மூன்று தடவை, படம் பாதி உருவாகிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்து, பார்த்த வேலையெல்லாம் பாழ். அப்போது நோதிர்தான் வழி சொன்னான். இந்த நிரல் இந்தத் தலைகளை மட்டும்தான் தொடலாம் என்று கணினியிடமே சொல்லிவைக்க ஒரு பட்டியல் இருக்கிறது. குறியை எடுத்துவிட்டால் நிரல் அந்தத் தலைப்பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. ஒரே ஒரு தொல்லை. நிரலை மூடித் திறந்தால் சொன்னதெல்லாம் கணினிக்கு மறந்துபோகும். அதனால்தான் தினமும் காலையில் இந்தத் தாலாட்டு.

ஆள் குள்ளம். நாற்பத்தெட்டு வயது. பதினோரு பைகள் வைத்த, கையில்லாத சட்டை ஒன்றை எல்லாப் பருவத்திலும் போட்டிருப்பார். அவற்றில் நான்கில் மின்கலம், ஏழில் உலர்ந்த பாதாமிப் பழம். ஆயிரம் கல்யாணமாவது எடுத்திருப்பார். ஒரு மணப்பெண்ணின் பெயரும் நினைவில் இருக்காது. ஆனால் யாருடைய முக்காடு எந்த நேரத்தில் சரிந்தது, யாருடைய மாமா நீள ஊதுகொம்பின் வாயில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்பதெல்லாம் அத்துப்படி. பெண்ணை அனுப்பிவைக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுவார். கேமராவுக்குப் பின்னால் கண்ணீர் கொட்டும். பிடித்த கை மட்டும் ஆடாது. "என்ன அகா, ஆயிரத்து ஒண்ணாவது தடவையும் அழுறீங்களே" என்று யாராவது கிண்டல் செய்தால், "அந்தப் பொண்ணு முதல் தடவைதானே போறா" என்பார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவரைக் கேட்டால் அதை மரியாதை என்று சொல்லுவார். எண்ணிக்கை கேட்கமாட்டார், சொல்லவும் மாட்டார். "எத்தனை பேர் வர்றீங்க?" என்று ஒரு மனிதனைப் பார்த்துக் கேட்பது, "நீ எத்தனை ரொட்டி தின்பாய்?" என்று கேட்பதற்குச் சமம் என்பது அவர் கட்சி. கல்யாண மண்டபத்துக்காரர்கள் தொலைபேசியில், "படம் எடுக்கிறவங்க எத்தனை பேருக்குச் சாப்பாடு வைக்கணும்?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்பார். அவர்களுக்கு மூன்று என்று தோன்றும். இவரோடு ஒன்பது பேர் போய் இறங்குவார்கள்.

சொந்த மகள் கல்யாணத்திலேயே அப்படித்தான். மண்டபத்தில் இருநூறு நாற்காலி. அழைப்பிதழிலோ 'வீட்டாரோடு வந்து சிறப்பியுங்கள்' என்று அச்சடித்துவிட்டார். வீட்டார் என்றால் எங்கள் ஊரில் யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது? முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். "இவ்வளவு பேருக்கு நம்மைப் பிடிச்சிருக்கே!" என்று இவர் பூரித்துப்போனார். அவர் மனைவி ஒய்னிசோ பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையற்காரர், தினமும் தட்டை எண்ணியே பழகியவர். "ஆமா, பிடிச்சவங்க எல்லாரும் நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போனாங்க" என்றார். அந்தப் பேச்சு அவர்கள் வீட்டில் இன்றைக்கும் ஓயவில்லை.

படம் உருவாக்கும் அந்த நிரலையும் அகா விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார். "எங்கேயோ பிறந்து, நம்ம வீடு தேடி வந்து, நமக்காக உழைக்கிறான். அவனை மரியாதையா நடத்த வேண்டாமா?" பெட்டியில் அதை நிறுவிய அன்று அமைப்புப் பக்கத்தில் அது ஒரு கேள்வி கேட்டது: எத்தனை வேலையாட்களோடு வேலை செய்யட்டும்? ஓர் எண்ணைக் கொடுக்கலாம்; இல்லை, 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று அதன் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். அகா எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? போதாக்குறைக்கு, நிரல் ஓடத் தொடங்கியதும் அதன் சாளரத்தைச் சுருக்கிக் கீழே தள்ளிவிடுவார். சாப்பிடுகிறவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாதாம். இன்னும் எத்தனை மணி நேரம் என்று ஓரத்தில் தெரியும் ஒற்றை வரியை மட்டும் கள்ளப் பார்வை பார்ப்பார்.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இல்யோர் என்கிற பையனுக்கும் சனோபர் என்கிற பெண்ணுக்கும் கல்யாணம். அடுத்த வியாழக்கிழமை இல்யோர் ருஷ்யாவுக்குப் போகிறான். வடக்கே, கைப்பேசிக் கோபுரம் எட்டாத காட்டில், மரம் அறுக்கும் முகாம். இரண்டு குளிர்காலம் முடித்துத்தான் திரும்புவான். கல்யாணத்துக்கு மறுநாளே கடைக்கு வந்து நின்றான்.

"அகா, படம் வியாழக்கிழமைக்குள்ள வேணும். நான் கையில எடுத்துக்கிட்டுப் போகணும்."

"என்னப்பா அவசரம்? முடிஞ்சதும் இணையத்துல அனுப்பறேன்."

"அங்க இணையம் ஏது? கரடிதான் இருக்காம்." குரலைத் தாழ்த்தினான். "என் கல்யாணத்துல நான் பாத்தது என் பூட்ஸை மட்டும்தான் அகா. பெரியவங்க முன்னாடி நிமிரக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, தலையைத் தூக்கவே இல்ல. கண்ணாடியைக் கொண்டுவந்து எங்க ரெண்டு பேர் முகத்தையும் ஒண்ணா காட்டினாங்களே, அப்பதான் அவளை ஒரு நொடி பாத்தேன். உடனே யாரோ கண்ணாடியைப் பிடுங்கிட்டாங்க."

"அப்போ அந்தக் கண்ணாடித் துண்டை மட்டும் வெட்டித் தரட்டுமா? ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்."

"மூணு நிமிஷத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு குளிர்காலம் என்ன பண்றது? முழுசா வேணும் அகா. என் அத்தைங்க ஆடுனது உள்பட."

மூன்றரை மணி நேரப் படம். அகா ஒரே நாளில் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஓடவிட்டார். இருபது தலைகளைப் படுக்கவைத்தார். தேநீர் குடித்தார். திரும்பிப் பார்த்தால் ஓரத்து வரி சொல்கிறது: மீதம் எண்பது மணி நேரம்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ தவறாகச் சொல்கிறது, போகப்போகச் சரியாகும் என்று விட்டுவிட்டார். முந்தைய மாதமெல்லாம் சின்னச் சின்னத் துண்டுப் படங்கள். நாலு தலைகளோடு நேரம் கொஞ்சம் கூடப் பிடித்தாலும் பெரிதாகத் தெரியவில்லை. நாலு தலைகளை வைத்து முழுப் படம் இதுதான் முதல். மாலையில் எழுபதுக்குச் சொச்சம். செவ்வாய்க்கிழமை காலை ஐம்பத்தேழு. அப்போதுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

கணக்கு உதைத்தது. இதற்கு முன் அவரிடம் இருந்த பழைய கணினிக்கு மொத்தமே நாலு தலைதான். இதே நீளப் படத்தை அது ஆறு மணி நேரத்தில் முடிக்கும். இங்கேயும் நாலு தலை. இதே நிரல். அப்புறம் ஏன் இப்படி? "நாலு நாலுதானே? எங்க ஊர் நாலுக்கும் பிஷ்கேக் நாலுக்கும் வித்தியாசம் இருக்கா?" என்று நோதிரைப் பிடித்துக் கேட்டார். நோதிர் தூசி என்றான். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி ஊதினார்கள். தூசி போனது, மணி நேரம் போகவில்லை. பிஷ்கேக்கில் பெட்டியை விற்றவனைக் கூப்பிட்டார். "பழசுதானே அகா, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றான். ஆறு எங்கே, எண்பது எங்கே! இதுவா முன்னே பின்னே?

அந்த நாலு தலைகள்தான் சோம்பேறிகளோ என்று சந்தேகம் வந்தது. அவற்றைப் படுக்கவைத்துவிட்டு நடுவிலிருந்து வேறு நாலை எழுப்பினார். மாற்றமில்லை. கடைசி நாலை எழுப்பினார். இல்லை. ஒன்று விட்டு ஒன்றாக எழுப்பினார். ஊஹூம். எட்டு பேரை எழுப்பினால் கொஞ்சம் வேகம் வருகிற மாதிரி இருந்தது. ஆனால் பெட்டி பத்து நிமிடத்தில் கொதித்து ஊளையிட, பயந்துபோய் நாலுக்கே திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை முழுக்க இதே பிழைப்பு. சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் முட்டிக்கொள்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

புதன்கிழமை, சந்தையில் தட்டில் மூலிகைப் புகை போட்டுக்கொண்டு திரிகிற கிழவியைக் கூப்பிட்டுப் பெட்டிக்குத் திருஷ்டி கழித்தார். புகையைப் பெட்டி மூக்கு முட்ட இழுத்துக்கொண்டது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த ஒய்னிசோ வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏங்க, ஏற்கெனவே மூச்சு வாங்குற மெஷினுக்குப் புகை போடுறீங்களே, உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"எல்லாத்தையும் பண்ணிப் பாத்துட்டேன், ஒய்னிசோ. எனக்கு ஒண்ணுமே புரியல." அப்படி அவர் சொல்லி ஒய்னிசோ கேட்டதே இல்லை. கத்த வந்தவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு இல்யோரும் சனோபரும் வந்தார்கள். புதுப்பெண் நாற்பது நாளைக்கு வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்திருக்க வேண்டும். தலையில் புதுத் துணி, கையில் மங்காத மருதாணி நிறம். ஓரத்து வரியில் எண்பத்தொன்பது விழுக்காடு, மீதம் ஒன்பது மணி நேரம் என்று இருந்தது. விமானம் ஐந்து பத்துக்கு. நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"தம்பி, நீ போய் மாமன் மச்சான் வீடுகள்ல எல்லாம் சொல்லிட்டு வா. அதுக்குள்ள ஏதாவது எகிறி வந்துரும்" என்றார் அகா. அவருக்கே அந்தப் பேச்சில் நம்பிக்கையில்லை. சொல்லிக்கொள்ள இல்யோருக்குப் பதினேழு வீடுகள் பாக்கி. ஒரு வீட்டை விட்டாலும் இரண்டு குளிர்காலத்துக்குத் திட்டுவார்கள். அவன் ஓடினான். புதுப்பெண் தனியாகக் கடையில் உட்கார்ந்தால் தெரு பேசும் என்று ஒய்னிசோ பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் துணைக்கு வந்து உட்கார்ந்தார்.

சனோபர் திரையை எட்டிப்பார்த்தாள். பிறகு கேட்டாள். "அகா, உள்ளே எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?"

"நாலு தலைம்மா."

"நான் தலையைக் கேக்கல. வேலையாளைக் கேக்கறேன்."

அகாவுக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே? அவள் திரையைக் காட்டினாள். "கீழே சுருங்கிக் கிடக்குதே, அந்தச் சாளரத்தைத் திறங்களேன்."

"வேண்டாம் மகளே. வேலை செய்யறவனை முறைச்சுப் பாக்கக் கூடாது."

"திறங்க" என்றார் ஒய்னிசோ.

திறந்தார். மெல்லிய பச்சைக் கோடுகள், வேலையாளுக்கு ஒன்று என, ஒன்றன்கீழ் ஒன்றாக. எல்லாம் நகர்வது மாதிரியும் இருந்தது, எதுவும் நகராத மாதிரியும் இருந்தது. சனோபர் திரைக்குக் கிட்டே போய் விரலால் எண்ணினாள். அவள் ஊருக்கு வெளியே ஒரு தையல் கூடத்தில் வரிசை மேற்பார்வை பார்த்தவள், கல்யாணத்துக்காக நின்றுவிட்டாள். எண்ணி முடித்ததும் சிரித்துவிட்டாள்.

"இருபத்திநாலு."

"அதான் பெட்டிக்குள்ள இருபத்திநாலு தலை இருக்கே."

"இருக்கு. ஆனா நீங்க விட்டது நாலுதானே? எங்க கூடத்துல ஒரு நாள் முக்கால்வாசி இடத்துக்கு மின்சாரம் போயிருச்சு. நாலு மெஷின்தான் ஓடுது. பொண்ணுங்க முப்பது பேரும் வீட்டுக்குப் போகல. ஒருத்தி உக்காந்து ஒரு சட்டைக் கையைத் தைப்பா, உடனே அடுத்தவ எழுப்பிவிடுவா. அவ நூலை மாத்தி, துணியை விரிக்கறதுக்குள்ள இன்னொருத்தி வந்து இடிப்பா. எல்லார் துணியும் மேசை மேல குவிஞ்சு, இடம் பத்தாம கீழே போட்டு, யார் துணி எங்கேன்னு தேடுறதே வேலையாப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் முப்பது சட்டையும் பாதி. ஒண்ணுகூட முழுசில்ல."

அகா கோடுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் கோடுகளைப் பார்த்தார். "நான் நாலுதானே கொடுத்தேன்? அப்புறம் ஏன் இவன் இருபத்திநாலு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தான்?"

"நீங்க நாலு கொடுத்தது கணினிக்குத் தெரியும். இதுக்கு எப்படித் தெரியும்? உள்ளே வந்ததும், இந்த வீட்டுல மொத்தம் எத்தனை தலைன்னு கேட்டிருக்கு. இருபத்திநாலுன்னு பதில் வந்திருக்கு. அதுல எனக்கு எத்தனைன்னு கேக்கல."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லலையே அகா."

ஒய்னிசோ முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு வேறு வழியில் பீறிட்டுக்கொண்டு வந்தது. "இருநூறு நாற்காலி!" என்றார். "நின்னுக்கிட்டே தின்னாங்க!"

அகா சிரிக்கவில்லை. அமைப்புப் பக்கத்தில் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஓடுவதை நிறுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று நாள் வேலை. எண்பத்தொன்பது விழுக்காடு. இப்படியே விட்டால் ஐந்தரைக்கு முடியும். விமானம் ஐந்து பத்துக்கு. அதற்கு நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்! கொஞ்சம் எகிறினால் போதாதா? இந்தப் பெண் சொல்வது தப்பாக இருந்தால் இல்யோர் வெறுங்கையோடு போவான். கையைப் பிசைந்தார். பாதாமியை எடுத்து வாயில் போட்டார். மெல்ல மறந்து அப்படியே வைத்திருந்தார்.

"தப்பாப் போச்சுன்னா உன் புருஷன் என்னை மன்னிக்க மாட்டான் மகளே."

"படம் எனக்கில்லையா அகா?" என்றாள் சனோபர். "அங்க போய் அவரு என் முகத்தை மறந்துட்டா? கல்யாணமாகி இன்னியோட அஞ்சு நாள். அதுல மூணு நாள் வீடு நிறைய விருந்தாளிங்க. நான் தேநீர் ஊத்திக்கிட்டே இருந்தேன். நிறுத்துங்க."

நிறுத்தினார். எண்பத்தொன்பது விழுக்காடு ஒரே நொடியில் காணாமல்போனது.

அடுத்த சங்கடம் அந்தக் கட்டம். எத்தனை வேலையாட்கள்? விரலை விசைப்பலகைக்கு மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவனைப் பார்த்து, உனக்கு இவ்வளவுதான் என்று சொல்வதா? ஒரு வழியாக ஓர் எண்ணை அடித்தார். ஐந்து.

"நாலு" என்றாள் சனோபர்.

"ஒண்ணு கூட இருக்கட்டுமே. மரியாதைக்கு."

"அகா!"

"ஏங்க!" என்றார் ஒய்னிசோவும், அதே நேரத்தில்.

நாலு என்று மாற்றினார். மாற்றும்போது திரையைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதப்பா" என்று முணுமுணுத்தது இரண்டு பெண்களுக்கும் கேட்டது. கீழேயிருந்து மேலே, இருபது தலைகளையும் மறுபடி படுக்கவைத்தார். இந்தத் தடவை யாரிடமும் எதுவும் பேசவில்லை.

திரையில் நாலே நாலு பச்சைக் கோடுகள். ஒவ்வொன்றும் நிதானமாக, தடங்கலில்லாமல் நீண்டது. ஓரத்து வரி கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டுச் சொன்னது: மீதம் ஆறு மணி இருபது நிமிடம். மணி ஒன்பதேகால். சனோபர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஒய்னிசோ அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அகாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் குழப்பம் விடவில்லை. ஆளைக் குறைத்தால் வேலை ஓடுகிறது. இது என்ன நியாயம்? பத்தரைக்கு நோதிரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவனும் தலையைச் சொறிந்தான். பதினொன்றரைக்கு, "சரி, நாற்காலி நாலுதான்னு தெரிஞ்சதும் வந்தவங்களே பாத்து உக்கார வேண்டாமா? இதெல்லாம் நான் சொல்லணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "சொல்லணும்" என்று ஒய்னிசோ இறைச்சிப் பணியாரத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். தின்றுகொண்டே சாளரத்தைப் பார்த்தார். இப்போதெல்லாம் விருந்தாளியின் வாயை நன்றாகவே பார்த்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

இரண்டு மணிக்கு வெளியே வெயில் நாற்பதைத் தொட்டது. நாலே தலைதான் என்றாலும் பெட்டி அனல் விட்டது. விசிறி ஒரு மாதிரி கிறீச்சிட்டது. அகாவுக்கு ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் தொப்பியை எடுத்து விசிற ஆரம்பித்தார். வலது கை ஓய்ந்ததும் இடது கை. ஒன்றரை மணி நேரம். வழுக்கைத் தலையில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒய்னிசோ மாற்றிக்கொள்ள வந்தார், விடவில்லை.

மூன்றரைக்கு இல்யோர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பதினேழு வீட்டிலும் சாப்பிட வைத்திருக்கிறார்கள், மூச்சு வாங்கியது. மூன்று முப்பத்தெட்டுக்கு நாலாவது பச்சைக் கோடும் ஓரத்தைத் தொட்டது. அகா விசிறுவதை நிறுத்த மறந்து, இன்னும் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்தார்.

கைப்பேசியின் நினைவட்டைக்குப் படத்தை ஏற்ற எட்டு நிமிடம் என்றது கணினி. "அதுவரைக்கும் அந்தக் கண்ணாடி இடத்தைக் காட்டுங்க அகா" என்றான் இல்யோர். அகா பெரிய திரையில் போட்டார். இரண்டு குனிந்த தலைகள். யாரோ கண்ணாடியை நீட்டுகிறார்கள். அதற்குள் சனோபரின் முகம் மெல்ல நிமிர்கிறது. இல்யோர் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் பார்த்தான். "மறுபடியும் போடுங்க அகா" என்றான். அகா போட்டார். "இன்னொரு தடவை."

அவனுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி சனோபர் நின்றிருந்தாள். பெரியவர்கள் இருக்கிறார்களே என்று கண் தரையில். மணி மூன்று நாற்பத்தொன்பது.

மஹ்காம் அகா கையை நீட்டித் திரையை அணைத்தார்.

இல்யோர் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "என்ன அகா? ஏதாவது கெட்டுப்போச்சா?"

"படம் உன் பையிலயே வரும்" என்றார் அகா. "திரும்பு."

ஒய்னிசோவின் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். படியில் ஒரு பெண்மணி ஏறிக்கொண்டிருந்தார். மகன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கத் தேதி கேட்க வந்தவர். உள்ளே பார்க்கத் தலையை நீட்டினார். அகா கடைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, இரண்டு கைகளையும் விரித்துக் கதவின் இருபுறச் சட்டத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.